புள்ளி வரியும் ரேடியோ லைசென்ஸும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குச்சட்டி, தேக்குக் கதவு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாவற்றுக்கும் நடுவே பழைய வால்வு ரேடியோக்களும் கிடக்கும். நடுவில் முற்றம் வைத்த பெரிய வளவு வீடுகளைப் பிரிக்கும்போது வந்து சேர்ந்தவை. அப்படி ஒரு ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க அட்டைக்குள் கையடக்கமான ஒரு புத்தகம் செருகியிருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ஸ்டாம்பு, ஸ்டாம்பின் மேல் தபாலாபீஸின் வட்ட முத்திரை. ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு சின்ன ஸ்டாம்பு இருந்தது. அந்த வருஷம் நாள் கடந்து கட்டியிருக்கிறார்கள், அதற்கு அபராதம்.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரேடியோ கேக்குறதுக்கு லைசென்ஸாண்ணே?" என்றான்.

ஆமாம், லைசென்ஸ்தான். 1970களில் ரேடியோவுக்கு வருஷம் 15 ரூபாய். டிவி வந்த பிறகு அதற்கு 50 ரூபாய். வருஷா வருஷம் ஐயா, அதாவது தாத்தா, அப்படி ஒரு புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தபாலாபீஸுக்குப் போய்வருவார் என்று எங்கள் அப்பத்தா சொல்லுவார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெருமுனையில் பேச்சு கிளம்பினால், பணம் கட்டாத வீடுகளில் ரேடியோ பெட்டி நெல் பத்தாயத்துக்குள் போய்விடுமாம்.

1980களின் நடுவில் இந்த லைசென்ஸ் எடுக்கப்பட்டது. நம் ஊரில் அதோடு பேச்சு முடிந்தது. பிரிட்டனிலோ இன்றும் அது பெரிய விவாதம். அங்கே நேரலையாக டிவி பார்க்கும் ஒவ்வொரு வீடும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் வைத்த கணக்குப்படி வருஷத்துக்கு 174.50 பவுண்டு. அந்தப் பணத்தில்தான் பிபிசி பெரும்பாலும் நடக்கிறது. பிபிசி இயங்குவதற்கு அடிப்படையான அரச சாசனம் 2027 டிசம்பர் 31-இல் முடிகிறது. அதற்குப் பிறகும் வீட்டுக்கு வீடு வசூலிப்பதா, வேறு வழி பார்ப்பதா என்று அங்கே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் பொது ஒலிபரப்புக்கு நாமும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ரசீது மட்டும் வருவதில்லை. பிரசார் பாரதிக்கு, அதாவது ஆகாஷவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும், மத்திய அரசு வருஷத்துக்குச் சுமார் 2,500 கோடி ரூபாய் கொடுக்கிறது. நாட்டில் ஏறத்தாழ 30 கோடிக் குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்கு வருஷம் எண்பது ரூபாய்க்குச் சற்று மேல். சோப்பு வாங்கும்போதும் செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ணும்போதும் கட்டுகிற வரியிலிருந்து போகிற பணம் அது.

லைசென்ஸ் எதை வாங்கித் தந்தது?

இந்தியாவில் ஒலிபரப்பே லைசென்ஸ் பணத்தை நம்பித்தான் ஆரம்பித்தது. 1927 ஜூலையில் பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நிலையம் திறந்தது. வருஷ லைசென்ஸ் 10 ரூபாய், அதில் பெரும்பங்கு கம்பெனிக்கு. ஆனால் நாடு முழுக்க லைசென்ஸ் எடுத்தவர்கள் எட்டாயிரம் பேரைக்கூட எட்டவில்லை. 1930 மார்ச்சில் கம்பெனி மூடப்பட்டது. அரசு அதை எடுத்துக்கொண்டது. 1936-இல் அதற்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வந்தது. 1938-இல் சென்னை நிலையம், 1939 மே மாதம் திருச்சி நிலையம். எங்கள் பக்கத்து வீடுகளின் காலை நாதஸ்வரம் பல தலைமுறையாகத் திருச்சியிலிருந்துதான் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் லைசென்ஸ் பணம் பிபிசிக்கென்றே வசூலிக்கப்பட்டது. பிபிசி அரசின் இலாகா அல்ல. இந்தியாவில் ஆல் இந்தியா ரேடியோ அரசு இலாகாவாகவே இருந்தது. தபாலாபீஸில் ஐயா கட்டிய 15 ரூபாய் அரசு கஜானாவுக்குப் போனது. அங்கிருந்து வானொலிக்கு எவ்வளவு என்பதை அரசு முடிவு செய்தது. பணம் கட்டியவருக்கு ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது, அவ்வளவுதான். துப்பாக்கி லைசென்ஸ் மாதிரி.

அதனால்தான் கட்டுகிற இடம் ஒன்றாகவும் கேட்கிற இடம் வேறாகவும் ஆனது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. மக்கள் ரேடியோ முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். 1950-இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி விளம்பரத்தில் நன்றாகச் சம்பாதித்தது. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்களில் அது உள்ளூர் நிலையம் போலத் துல்லியமாகக் கேட்கும். லைசென்ஸ் பணம் தில்லிக்கு, காது கொழும்புக்கு. கடைசியில் ஆல் இந்தியா ரேடியோவே இறங்கி வந்து 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கியது.

சினிமாப் பாட்டு விஷயத்தை விட்டுவிடலாம். செய்தியில் இதே நிலை வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி அரசின் குரலாக மட்டுமே இருந்தது. உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மக்கள் சிற்றலையில் பிபிசியைத் தேடினார்கள். 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதை நம் வானொலி மாலையில்தான் அறிவித்தது. பிபிசி அதற்கு முன்பே சொல்லிவிட்டது. இந்த நாட்டில் லட்சக்கணக்கான வீடுகள் லைசென்ஸ் பணம் கட்டியும், தங்கள் பிரதமரின் மரணத்தை வேறு நாட்டு வானொலியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டன. பணம் கட்டினால் மட்டும் நம்பகமான ஒலிபரப்பு கிடைத்துவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எங்கள் ஊர் ஏற்கெனவே யோசித்த கணக்கு

வீட்டுக்கு வீடு பணம் போட்டுப் பொதுக்காரியம் நடத்துவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. நகரத்தார்களிடம் 'புள்ளி' என்று ஒரு கணக்கு இருக்கிறது. கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் காரியத்துக்கும் ஊர்க் காரியத்துக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கோடீஸ்வரரும் ஒரு புள்ளிதான், கணக்கு எழுதிச் சம்பாதிப்பவரும் ஒரு புள்ளிதான். அதே நேரம், எல்லாவற்றையும் புள்ளி மேலேயே ஏற்றினால் இல்லாதவர் தாங்க மாட்டார் என்பதும் தெரிந்திருந்தது. அதனால் சொத்துக்குத் தக்க ஆஸ்தி வரியும் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போன கடைகள் வியாபாரத்திலிருந்து ஒரு பங்கை மகமை என்று தனியே எடுத்துவைத்தன.

உலகத்தில் பொது ஒலிபரப்புக்குப் பணம் திரட்டும் வழிகளைப் பார்த்தால் இந்த மூன்றுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பிரிட்டன் லைசென்ஸ் புள்ளி வரி மாதிரி. பங்களாவுக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் ஒரே தொகை. பின்லாந்து 2013-இல் லைசென்ஸை எடுத்துவிட்டு வருமானத்துக்கு ஏற்ற தனி வரிக்கு மாறியது. குறைந்த வருமானக்காரர் கட்ட வேண்டாம், எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு வரம்புக்கு மேல் போகாது. அது ஆஸ்தி வரி வகை. ஸ்வீடனும் நார்வேயும் இதே திசையில் போய்விட்டன. விளம்பரத்தை நம்புவது மகமை வகை. வியாபாரம் நடக்கும்வரை வரும், படுத்தால் நின்றுவிடும்.

பிரான்ஸ் 2022-இல் வீட்டுக்கு 138 யூரோவாக இருந்த கட்டணத்தை ரத்து செய்துவிட்டு, விற்பனை வரியில் ஒரு பங்கை ஒதுக்கியது. மக்களுக்குச் சந்தோஷம். ஒலிபரப்பில் வேலை செய்பவர்களுக்குக் கவலை. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நிதியமைச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம் சிங்கப்பூர். அங்கே டிவி வைத்திருந்த வீடு வருஷத்துக்கு 110 வெள்ளி கட்டிவந்தது. 2011-இல் அதை எடுத்துவிட்டு அரசே செலவை ஏற்றது. தமிழுக்கென்று வசந்தம் தொலைக்காட்சியும் ஒலி வானொலியும் தொடர்ந்து இயங்குகின்றன. அங்கே தமிழர்கள் சிறுபான்மை. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால் நாள் முழுக்க ஒரு தமிழ் வானொலி நடப்பது கஷ்டம். பொதுப்பணம் போடுவதால் நடக்கிறது. இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரசே நேரடியாகப் பணம் தரும் ஒலிபரப்பு அரசைக் கேள்வி கேட்குமா என்பது அங்கேயும் இங்கேயும் ஒரே கேள்விதான்.

வீடு என்றால் எது?

வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பது காகிதத்தில் சுலபம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். ஒரு தெரு முகப்பில் ஆரம்பித்துப் பின்தெரு வரைக்கும் போகிற வீடு. உள்ளே இரட்டைக் கட்டு, வளவு, வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமான மகனை 'வேறு வைத்து' விடுவார்கள். அதே கூரையின் கீழே தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவு. ஒரு வீட்டுக்குள் ஆறு அடுப்பு எரிந்த காலம் உண்டு. அது ஒரு வீடா, ஆறு வீடா? புள்ளிக் கணக்கு ஆறு என்று சொல்லும். கதவிலக்கத்தை வைத்து வசூலித்தால் ஒன்றுதான்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். பங்காளிகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை ஒருவர் வந்து திறந்து பெருக்கிவிட்டுப் போகிறார். சென்னை வீட்டுக்கு ஒன்று கட்டியவர் இந்தப் பூட்டிய வீட்டுக்கும் கட்ட வேண்டுமா?

ஜெர்மனியில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2013-இலிருந்து அங்கே டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு கட்டணம், இப்போது மாதம் 18.36 யூரோ. போனிலேயே எல்லாம் பார்க்கும் காலத்தில் பெட்டியைத் தேடி இன்ஸ்பெக்டரை அனுப்புவதில் அர்த்தமில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். 2018-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் இந்த முறை பெரும்பாலும் சரிதான், ஆனால் ஒரே ஆளிடம் இரண்டாவது வீட்டுக்கும் வசூலிப்பது செல்லாது என்றது. கட்டணம் சுவருக்கு இல்லை, கேட்க வாய்ப்புள்ள மனிதருக்குத்தான், ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலிருந்து கேட்க முடியாது என்பது அதன் சாரம். புள்ளிக் கணக்கு வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரருக்கு இது விளங்கச் சிரமமே இருக்காது. ஊரில் எத்தனை வீடு இருந்தாலும் ஆள் ஒரு புள்ளிதான்.

கேட்காதவர் ஏன் கட்ட வேண்டும்?

'நான் தூர்தர்ஷன் பார்ப்பதே இல்லை, கேபிளுக்கு மாதாமாதம் தனியாகக் கட்டுகிறேன், அப்புறம் இது எதற்கு?' நியாயமான கேள்வி. நாலு பேரிடம் பேசினால் மூன்று பேர் இதைத்தான் கேட்பார்கள்.

இதற்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. முதலாவது ஒரு நெல். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புது ரகம் வந்தபோது, திருச்சி வானொலி அதை எப்படி விதைப்பது, எப்போது உரம் போடுவது என்று விவசாயிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். அந்த நெல்லைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் வானொலி கேட்டிருப்பார்கள்? வானொலியின் பலன் கேட்டவரோடு நிற்கவில்லை. குளம் வெட்டியதற்குக் குளிக்க வருகிறவரிடம் மட்டும் வசூலிக்க முடியாது. ஊருணி நிறைந்தால் ஊர்க் கிணறெல்லாம் ஊறும்.

இரண்டாவது ஒரு புயல். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. செல்போன் டவர்கள் செத்துக் கிடந்தன. கேபிள் இல்லை, இணையம் இல்லை. பேட்டரி போட்ட ரேடியோ இருந்தவர்களுக்கு மட்டும் வெளியுலகம் இருந்தது. அந்த ஒரு வாரத்துக்காக மீதி வருஷமெல்லாம் நிலையத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எந்த விளம்பரதாரரும் அதற்குப் பணம் தரமாட்டார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாஷவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். அதாவது வானொலிச் செய்தி என்பது இந்த நாட்டில் ஒரே கையில் இருக்கிறது. அந்தக் கை யாருக்குக் கட்டுப்பட்டது என்பது வானொலி கேட்காதவரையும் பாதிக்கிற விஷயம்.

பிபிசி தமிழ் ஒலிபரப்பு 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் வரை சிற்றலையில் வந்தது. முதலில் அதற்குப் பிரிட்டிஷ் அரசு மானியம், 2014-இலிருந்து பெரும்பாலும் லைசென்ஸ் பணம். லண்டனில் ஏதோ ஒரு குடும்பம் கட்டிய பணத்தில், தேவகோட்டைத் திண்ணையில் உட்கார்ந்து ராத்திரி தமிழோசை கேட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. தங்கள் பணத்தில் ஒரு பங்கு தமிழுக்குப் போகிறது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நாங்கள் அதை நம்பிக் கேட்டோம்.

என் கருத்து

பெட்டிக்கு லைசென்ஸ் திரும்ப வரக்கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்டனில் லைசென்ஸ் இல்லாமல் டிவி பார்ப்பது இன்றும் குற்ற வழக்கு. அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். வழக்கில் மாட்டுபவர்களில் பெரும்பான்மை பெண்கள், ஏனென்றால் சோதனைக்கு ஆள் வரும்போது கதவைத் திறப்பது அவர்கள்தான். பத்தாயத்துக்குள் ரேடியோவை ஒளித்த பயம் நம் வீடுகளுக்கு மறுபடி வேண்டாம்.

ஆனால் வீடுகள் நேரடியாக ஒரு சிறு தொகை கட்டலாம் என்றே நினைக்கிறேன். இத்தாலி 2016-இலிருந்து கரண்ட் பில்லோடு சேர்த்து வசூலிக்கிறது. அதுவரை ஏமாற்றியவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, கட்டணத்தையும் குறைக்க முடிந்தது. நம் நாட்டில் அந்தியோதயா, முன்னுரிமை ரேஷன் அட்டை உள்ள ஏழை வீடுகளையும் தனியே வாழும் முதியவர்களையும் விட்டுவிடலாம். அவர்கள் நீங்கலாகச் சுமார் 10 கோடி வீடுகள் என்றும் மாதம் 20 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், வருஷம் 2,400 கோடி ரூபாய். இன்றைக்கு அரசு கொடுப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். ஒருவருக்கு ஒரு வீடு மட்டும். பூட்டிய வீட்டுக்கு வேண்டாம்.

அரசு கொடுத்தால் என்ன, நாம் கட்டினால் என்ன, இரண்டும் நம் பணம்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் கணக்கில் இருக்கிறது. புள்ளி வரி கட்டியவர் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, காரியக்காரரைப் பார்த்து, 'பந்தலுக்கு ஏன் இவ்வளவு?' என்று கேட்கலாம். காரியக்காரரும் முறைவைத்து மாறுகிறவர். அடுத்த முறை கேள்வி கேட்டவரே அந்த இடத்தில் உட்காரலாம். மாறாக, அரசு கஜானாவிலிருந்து போகிற பணத்துக்கு அரசு மட்டுமே கேள்வி கேட்கிறது. 1990-இல் நிறைவேறி 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டம் ஒலிபரப்பைத் தன்னாட்சி ஆக்கத்தான் வந்தது. அதை மேற்பார்க்க 22 பேர் கொண்ட நாடாளுமன்றக் குழு, மக்களின் புகார்களைக் கேட்க ஒலிபரப்பு மன்றம் என்றெல்லாம் எழுதினார்கள். அவை எழுதியபடி இயங்கவே இல்லை. அரசு உத்தரவு போடலாம் என்கிற 23-ஆவது பிரிவு மட்டும் பத்திரமாக இருக்கிறது. 2023-இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை விட்டு இனி 'ஆகாஷவாணி' மட்டும்தான் என்று உத்தரவு வந்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பைக் கேட்டு முடிவெடுக்க ஒரு மன்றம் இருந்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் தொகை எவ்வளவு என்பதை ஒரு தனி நிபுணர் குழு கணக்குப் பார்த்துச் சொல்கிறது. 2020 டிசம்பரில் ஒரு மாநிலம் உயர்வைத் தடுத்தபோது, 2021-இல் அரசியல் சாசன நீதிமன்றமே தலையிட்டு உயர்வு செல்லும் என்றது. பணத்தை நிறுத்தி ஒலிபரப்பை மிரட்ட அங்கே அரசியல்வாதிக்கு வழி குறைவு. பின்லாந்திலும் அந்த வரிப்பணம் பட்ஜெட்டுக்கு வெளியே தனி நிதியில் சேர்கிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் அந்த மன்றமும் குழுவும் உயிர் பெற வேண்டும். பணம் தனி நிதிக்குப் போக வேண்டும். 23-ஆவது பிரிவின் வீச்சைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு கரண்ட் பில்லில் இருபது ரூபாய் ஏற்றினால் நான் முகம் சுளிக்காமல் கட்டுவேன். அதற்கு முன்னால் ஏற்றினால், ஐயா கட்டிய 15 ரூபாய் போன வழியிலேயே இதுவும் போகும்.

கட்ட ஆரம்பித்தால், திருச்சி நிலையத்தாரும் மதுரை நிலையத்தாரும் வருஷத்துக்கு ஒருமுறை காரைக்குடிக்கு வந்து, ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணக்கைப் படிக்க வேண்டும். நான் முதல் வரிசையில் இருப்பேன். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் இந்தப் பக்கத்து மண்ணிலிருந்து தயாராகிறது, எத்தனை மணி நேரம் வேறெங்கிருந்தோ வாங்கி ஒலிபரப்பாகிறது, போன வருஷம் எத்தனையாக இருந்தது என்று கேட்பேன். பதிலை எழுதிக்கொள்ள ஒரு சின்ன நோட்டும் கொண்டுபோவேன்.